தாய்வழியைத் தேடுவோம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனை என்று பக்கத்தில் இருந்து வந்தவர்களும், எழுவான்கரை படுவான்கரை இரண்டிலும் இருந்து வந்தவர்களும், கனடா, இலண்டன், அவுஸ்திரேலியா என்று கடல் கடந்து வந்தவர்களும் இன்று ஒரே மண்டபத்தில் இருக்கிறோம். குடும்ப வரலாற்றை இணையத்தில் காசு செலவில்லாமல் தேடுவது பற்றிப் பேசும்படி சங்கத்தினர் என்னைக் கேட்டார்கள். ஒரு வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது.

என்னிடம் வரும் பெண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த வருத்தம் இருந்ததா?" என்பது. தெரியாது என்பதே பெரும்பாலும் பதில். நாற்பது வயதாகாத ஒரு தாய் மார்பில் கட்டியோடு வந்தார். அம்மா பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அப்பா பக்கம் தெரியாது. இடம்பெயர்ந்த காலத்தோடு தொடர்பு விட்டுப்போயிற்று. பிறகு வெளிநாட்டில் இருக்கும் ஒரு மாமியைத் தேடிப்பிடித்துக் கேட்டபோதுதான், அப்பாவின் சகோதரிமார் இருவர் இளவயதிலேயே அதே நோயால் இறந்தது தெரிந்தது. அந்தத் தகவலோடு அவருடைய தங்கைமார் நேரத்துக்குப் பரிசோதனைக்குப் போனார்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கு இடங்கொடுக்கும் சில மரபணு மாற்றங்கள் தாய் வழியாகவும் வரும், தகப்பன் வழியாகவும் வரும். பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. தலசீமியாவுக்குக் கணக்கு வேறு. கணவன் மனைவி இருவருமே அதைக் காவுபவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. நமது மச்சான் மச்சாள் கல்யாணங்களை இங்கே நினைத்துப் பாருங்கள். ஒரே குடிக்குள் கட்டக்கூடாது என்ற வழக்கத்தை நம் முன்னோர் கண்டிப்பாகக் காத்தார்கள். ஆனால் தாய்மாமன் பிள்ளை வேறு குடி, மாமி பிள்ளை வேறு குடி. குடி வேறு என்பதால் இரத்தம் வேறு என்று ஆகிவிடாது.

இனி, மட்டக்களப்பாருக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். நமது குடி தாய்வழியாக வருவது. கலிங்க குடி, படையாண்ட குடி, பணிக்கனார் குடி என்று எந்தக் குடியானாலும் அம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. 'வயிற்றுவார்' என்ற சொல்லை நம் பெத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நமது முஸ்லிம் சகோதரிகளிடமும் தாய்வழிக் குடிகள் உண்டு. ஆனால் அரசாங்கக் கடதாசி தகப்பன் வழியில் போகிறது. உங்கள் பழைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் பாட்டனாரின் பெயருக்கு ஒரு கூடு இருக்கும். பாட்டியின் பெயருக்குக் கூடு இல்லை. இணையத் தளங்களும் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கின்றன. நமக்கு அப்படி ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. ஆகவே குடியைத் தரும் தாய்வழிதான் கடதாசியில் முதலில் மறைகிறது. 1978 நவம்பர் சூறாவளி, யுத்தம், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வீட்டுப் பெட்டிகளில் இருந்த கொஞ்சத்தையும் கொண்டுபோயின.

இருந்தாலும் தேட வழி உண்டு. நான்கு படிகள் சொல்கிறேன்.

முதலாவது, உயிரோடிருக்கும் மூத்தவர்கள். அம்மம்மா, அப்பம்மா, பெரியம்மா, மாமி யாரிடமாவது கைத்தொலைபேசியை வைத்துப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். யார், எந்த ஊர், எந்தக் குடி, யாரைக் கட்டினார், என்ன வருத்தத்தில், எத்தனை வயதில் மோசம்போனார் என்று கேளுங்கள். இணையம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, வீட்டில் மிஞ்சிய கடதாசி. பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்கள், படங்களின் பின்பக்கக் குறிப்புகள், அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டுகள். எல்லாவற்றையும் விட முக்கியமானது காணி உறுதி. நமது பக்கத்தில் வீடும் வளவும் சீதனமாக மகளுக்கே போகும். அதனால் ஒரு வளவின் பழைய உறுதிகளை அடுக்கிப் பார்த்தால் தாய், மகள், பேத்தி என்று பெண்வழி தானாகவே வெளிவரும். பிறப்புச் சான்றிதழில் இடமில்லாத பாட்டி, காணி உறுதியில் கையொப்பத்தோடு இருப்பார். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் விசாரிக்கலாம். சான்றிதழ் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். இதற்குச் சிறு கட்டணம் உண்டு.

மூன்றாவது, 'நூலகம்' எண்ணிம நூலகம். 2005 இல் தொடங்கிய இந்தத் தளத்தில் ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், இறந்தவர்களுக்கான நினைவு வெளியீடுகள் எல்லாவற்றையும் இலவசமாக வாசிக்கலாம். எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தையும், வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகத்தையும் குடி வரலாற்றுக்காக ஒருமுறை வாசியுங்கள். ஊர்ப்பெயர், கோயிற்பெயர் போட்டுத் தேடினால் நீங்கள் நினையாத இடத்தில் ஒரு பாட்டனாரைச் சந்திப்பீர்கள்.

நான்காவது, 'ஃபேமிலிசேர்ச்' என்ற அமெரிக்கத் தளம். ஒரு கிறிஸ்தவ சபை அதை நடத்துகிறது. எவரும் கட்டணமின்றிக் கணக்குத் திறக்கலாம். குடும்ப மரம் வரையலாம். இலங்கையின் சில பழைய தேவாலயப் பதிவேடுகளையும் பார்க்கலாம். மிஷன் பள்ளியில் படித்து ஞானஸ்நானம் பெற்ற முன்னோர் இருந்தால் தேடிப்பாருங்கள். கந்தையா என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். நாலையும் போட்டுத் தேடுங்கள். பெண்களைக் கணவன் பெயரில் எழுதாதீர்கள். பிறந்த பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர் மூன்றையும் எழுதி, குறிப்புப் பகுதியில் குடியையும் ஊரையும் சேர்த்துவிடுங்கள்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. வேறொருவர் வரைந்த மரத்தை அப்படியே நம்பாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், நோய் விபரம் எதையும் பொதுவில் போடாதீர்கள். வெளிநாட்டு வங்கிகள் தாயாரின் கன்னிப் பெயரைத்தான் இரகசியக் கேள்வியாகக் கேட்கின்றன. நோய் விபரத்தை வீட்டுக் கொப்பியில் எழுதி, உங்கள் வைத்தியரிடம் மட்டும் காட்டுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். இன்னொன்று: உயர்வு தாழ்வு பேசுவதற்காக இந்தத் தேடல் வேண்டாம். போடியார் வம்சம் என்று நிறுவப் புறப்பட்டவர் வயலில் கூலிக்கு நின்ற பூட்டியைக் கண்டால், அந்தப் பூட்டியையும் அதே மரியாதையோடு எழுதவேண்டும்.

காணாமல் போனவர்களின் பெயரை எழுதும்போது கை நிற்கும் என்பது எனக்குத் தெரியும். இறந்த திகதிக்கான இடத்தை வெறுமையாகவே விடுங்கள். ஆனால் பெயரை விட்டுவிடாதீர்கள். நம் பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரை அங்கேதான் முதன்முதலில் வாசிப்பார்கள்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். நமது பாடசாலையின் பழைய சேர்வு இடாப்புகளும் ஒரு குடும்ப வரலாறுதான். நமது ஊர்ப் பெண்பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருப்பது அவற்றில்தான். கறையான் தின்னுமுன் அவற்றைப் படமெடுத்துப் பாதுகாப்போம். அதிபர் அவர்களின் அனுமதியோடு அந்த வேலைக்கு எனது விடுமுறை நாட்களைத் தர நான் ஆயத்தம். ஒவ்வொரு பழைய மாணவியும் தன் தாய், தாயின் தாய், அவருடைய தாய் என்று மூன்று பெயர்களை இன்றிரவே ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவது பெயர் தெரியாவிட்டால், கேட்க வேண்டியவருக்கு நாளைக் காலையே தொலைபேசி எடுங்கள்.