கல்வெட்டு எங்கே?



அவைத்தலைவர் எங்காதுல "பதினஞ்சு நிமிசம்"னு சொல்லிட்டுப் போயிருக்கார். நம்மூர்க் கல்யாணத்துல "இதோ கெளம்பிட்டோமுங்க"ன்னு சொல்ற மாதிரிதான் அது. (சிரிப்பு)

எனக்குக் குடுத்த தலைப்பு, வட்டார வரலாற்று இதழுக்குக் கட்டுரை அனுப்பறது எப்படி. இவன்கிட்ட இதைக் குடுத்தாச் சீக்கிரம் முடிச்சுடுவான்னு நெனச்சிருக்காங்க. எனக்கு இது முப்பது வருசத்துப் புண்ணுங்க.

ஒரு சிதஞ்ச கோயில்ல ஒரு கல்வெட்டைப் பாத்தேன். வீட்டுக்கு வந்து இருபத்திநாலு பக்கம் எழுதினேன். முதல் ஆறு பக்கம் கொங்கு நாட்டுப் பெருமை. அடுத்த ஆறு பக்கம் நொய்யல். அப்பறம் சேரன், சோழன், பாண்டியன், எங்க தாத்தா. ஒரு இதழுக்கு அனுப்பினேன். பேரு வேண்டாமுங்க. ஒரு மாசம் கழிச்சுத் தபால் கார்டு வந்துச்சு. ரெண்டே வாக்கியம். "கட்டுரை கிடைத்தது. கல்வெட்டு எங்கே?"

ஒரு வாரம் சோறு எறங்கல. அந்த ஆசிரியரை நான் திட்டாத திட்டு இல்ல. ஆனா எடுத்துப் பாத்தா, கல்லுல இருந்தது பதினோரு வரி. என்னோட இருபத்திநாலு பக்கத்துல அதுல ஒரு வரிகூட முழுசா இல்லீங்க.

'ஆவணம்' இதழை எடுத்துப் பாருங்க. தமிழகத் தொல்லியல் கழகம் 1991லயிருந்து நடத்தற ஆண்டிதழ். ஒரு கல்வெட்டை எப்படிப் போடறாங்க? ஊரு, வட்டம், மாவட்டம், காலம், அரசன். கல்லு சொல்ற சேதி நாலு வரி. அதுக்குக் கீழ கல்லுல இருக்கறபடியே வரிக்கு வரி எண் போட்டு வாசகம். கல்லுல ஒரு சொல்லு பாதியில ஒடிஞ்சு அடுத்த வரிக்குப் போனா அச்சுலயும் ஒடியணும். நாம சரி பண்ணக் கூடாது. படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி.

புள்ளி வைக்கறது லேசுப்பட்ட காரியமில்லீங்க! 'எனக்குத் தெரியல'ன்னு அச்சுல ஒத்துக்கறது அது. சில பேரு வாழ்நாள்ல ஒரு புள்ளி வெச்சதில்ல. (கைதட்டல்) மேடை ஏறினா நம்ம வரலாறு இருபதாயிரம் வருசம். எறங்கறதுக்குள்ள அது அம்பதாயிரம். வாட்ஸ்ஆப்புல தெனமும் ஒரு ராஜா பொறக்கறான், அத்தன ராஜாவும் அவங்க சொந்தக்காரன். கல்லைத் தொட்டதில்ல, முள்ளுக்காட்டுல கால் வெச்சதில்ல. அடுத்தவன் எடுத்த போட்டோவுல அவன் பேரை மட்டும் வெட்டிட்டுப் போடத் தெரியும். நான் யாரையும் சொல்லல. இங்க வந்திருந்தா அவங்களுக்கே புரியும். வரலீன்னா ராத்திரிக்குள்ள நீங்களே சொல்லிடுவீங்க! (பலத்த கைதட்டல்)

எங்க விட்டேன்? போட்டோ. அப்படிப் பேரை வெட்டிப் போட்ட ஒரு போட்டோவை எடுத்தது எங்க வாத்தியாருங்க. பேரு சொன்னா அவருக்குப் புடிக்காது, உசுரோட இருந்தப்பவே புடிக்காது. போட்டோ மட்டுமில்லீங்க, கல்வெட்டைத் தாள்ல படியும் எடுப்பார். டிவிஎஸ் 50 வண்டி, முன்னால தண்ணிக் குடம், பின்னால நான். கல்லைக் கழுவித் தேச்சு, தாளை நனச்சு அதுமேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள்ள எறக்குவார். பாலக்காட்டுக் காத்து சும்மா இருக்குமா? நான் மூலையைப் புடிச்சுக்குவேன். தாளு அரைக்காச்சலா வந்ததும் மைப்பந்தை ஒத்துவார். தாளு கறுக்கக் கறுக்க எழுத்து வெள்ள வெளேர்னு மேல வரும். ஒரு தடவை 'ஸ்ரீ' வந்ததும் கன்னத்துல போட்டுக்கிட்டார்.

இதையெல்லாம் எழுத நாங்க என்ன எம்.ஏ. வரலாறா படிச்சோம்னு கேக்கறீங்க. 'கொங்குநாட்டு வரலாறு' எழுதின கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியார் யாருங்க? வக்கீல். புலவர் செ. இராசு? தமிழ் படிச்ச புலவர். அறச்சலூர் நாகமலைக் குகையில தாளம் சொல்ற எழுத்தை வரிக்கு அஞ்சா, அஞ்சு வரி வெட்டியிருக்கு. குறுக்க படிச்சாலும் கீழ்முகமாப் படிச்சாலும் ஒண்ணேதான். பக்கத்துல மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன்னு பேரு. மணி பாத்துத் தரம் சொல்றவன் இசையை எழுதி வெச்சிருக்கான்! அதை உலகத்துக்குக் கொண்டாந்தவர் நம்ம இராசு ஐயா. 2023ல போயிட்டார்.

கொடுமணல்ல 1985ல தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்ட ஆரம்பிச்சப்பறம் எத்தன பானை ஓட்டுல பேரு கெடச்சிருக்கு! பானையில கீறினவன் எந்த இதழாசிரியருக்குப் பயந்தான்? நீங்க ஏனுங்க ஒரு பக்கம் எழுதப் பயப்படறீங்க?

எங்க வாத்தியாரும் பயந்தவருதானுங்க. "இன்னொரு தடவை சரிபாத்துட்டு அனுப்பலாம்டா"ம்பார். பத்தொம்பது நோட்டு. ஒண்ணுகூட அனுப்பல. அவரு போன மறுவருசம் வீட்டை இடிச்சுக் கட்டினாங்க. நோட்டையெல்லாம் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுட்டாங்க. நான் போய்ச் சேந்தப்ப அவன் வண்டி கட்டிட்டான். அவரு பையனைத் திட்ட வாய் வரலீங்க. அவனுக்கு என்ன தெரியும், இருபது வருசம் கூடவே சுத்தின எனக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு நோட்டு எங்கிட்ட இரவலா இருந்ததால தப்பிச்சுது. இந்தாங்க, இதுதான். கடைசிப் பக்கம் படிக்கறேன். "கிணத்து மேட்டுக் கல். ஏழு வரி. நாலாவது வரி சுண்ணாம்புக்குள்ள. மறுபடி போகணும்."

தலைவர் மணி அடிச்சுட்டார். இதழாசிரியர் ஐயா, நோட்டை இங்க வெக்கறேன், நகல் எடுத்துட்டுக் குடுங்க. வர்ற ஞாயித்துக்கெழமை காத்தால ஆறு மணிக்கு அந்தக் கிணத்து மேட்டுக்குப் போறேன். தேங்கா நார் பிரஷ் எங்கிட்ட இருக்கு. தண்ணி தூக்க ரெண்டு ஆளு வேணுமுங்க.