வாவிக்கரையை விட்டுப் போவோருக்கு

(எழுவான்கரைக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



"ஊரில் இருப்பதா, ஊரை விட்டுப் போவதா?" என்று சற்று முன்னர் இம்மேடையில் இளைஞர்கள் வாதாடினார்கள். இருக்க வேண்டும் என்று பேசிய தம்பி வாவியின் அழகையும் பாடும் மீனையும் எடுத்துரைத்தார். போக வேண்டும் என்று பேசிய தங்கையோ, பட்டம் பெற்றும் வேலையின்றி வீட்டுத் திண்ணையில் மூன்று ஆண்டுகள் இருந்த தன் தமையனைப் பற்றிக் கூறினார். கைதட்டல் தங்கைக்கே அதிகமாகக் கிடைத்தது. கிடைக்க வேண்டியதும் அவருக்கே. பாடும் மீன் இதுவரை எவருக்கும் சம்பளம் கொடுத்ததில்லை.

போகிறவனைத் துரோகி என்று ஏசுவது நம் மேடைகளுக்குப் பழகிப்போன தொழில். ஏசிவிட்டு இறங்குகிறவரின் பிள்ளைகள் எந்நாட்டில் படிக்கிறார்கள் என்று விசாரித்தால் பல வேடிக்கைகள் வெளிப்படும். நான் அத்தொழிலுக்கு வரவில்லை. 2022 ஆம் ஆண்டு நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தபோது, அவ்வோராண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்துகொண்டு புறப்பட்டனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு அவ்வரிசையில் இருக்கவில்லை. அவர்களுள் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை.

ஆனால் நம் மட்டக்களப்பு மண்ணுக்கு இவ்விடயத்தில் ஒரு தனி வழக்கு உண்டு. அதனை மறந்துவிட்டு மற்றவர் பேசுவதுபோல நாமும் பேசுவது பொருந்தாது.

நம் நாட்டில் ஆண் என்பவன் என்றுமே வீட்டை விட்டுப் போகிறவன்தான். திருமணமானதும் அவன் தாயின் வீட்டிலிருந்து மனைவியின் வீட்டுக்குப் போகிறான். மண்டூரில் பிறந்தவன் களுதாவளையான் ஆகிறான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனம், குடியும் தாய்வழி. கோயிலில் வண்ணக்கராக ஒருவர் அமர்வதும் தாய்வழிக் குடியின் பெயரால்தான். வந்தவரையும் இந்த முறையே உள்வாங்கிக்கொண்டது. ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்களைப் பார்த்து, "மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள்" என்று அங்குள்ளோர் கதை கட்டினர். பாயில் மந்திரம் ஒன்றுமில்லை. மணமகனுக்கு வீடும் வயலும் வைத்திருந்த மனைவியே அந்த மந்திரம்!

இது வெறும் வழக்கமாக மட்டும் இருந்ததன்று. ஒரு காலத்தில் சட்டமாகவும் இருந்தது. முக்குவர் சட்டம் என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட அம்முறையில், முதுசம் வேறு, தேட்டம் வேறு. முதுசக் காணி ஒருவன் இறந்தால் அவன் பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து அம்முறையை முடித்து வைத்தது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை இன்றும் உண்டு. நமக்கோ பொதுச் சட்டமே உண்டு. சட்டம் போயிற்று, சீதன வீடு மட்டும் நின்றது. ஆண்கள் எங்கே போனாலும் வீட்டில் விளக்கேற்ற ஒரு பெண் இருந்தாள். அதனால் ஊர் நின்றது.

இப்பொழுது நிகழ்வது வேறு. படுவான்கரையிலிருந்து சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் போகிறவர்களிடையே அவ்வீட்டுப் பெண்ணும் இருக்கிறாள். 2013 இல் அரசாங்கம் ஒரு விதியைக் கொண்டுவந்தது: ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையுள்ள தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று. தந்தையிடம் அப்படி எதுவும் கேட்கப்படவில்லை. 2022 இல், டொலர் தேவைப்பட்டபோது, அவ்விதி தளர்த்தப்பட்டது. பிள்ளையின் நலன் அந்த ஆண்டோடு தீர்ந்துபோயிற்றா என்று எவரும் கேட்கவில்லை. அது ஒருபுறம் இருக்க, மறுபுறத்தில் முழுக் குடும்பமாகவே கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விட்ட வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய வீட்டைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். ஏனெனில் இதுவே எனக்குத் தெரிந்த துறை.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆட்சியுரிமையைப் பற்றியது. பிறனொருவன் உங்கள் காணியில், உங்கள் உரிமையை ஏற்காமல், இடையூறின்றிப் பத்து ஆண்டுகள் இருந்துவிட்டால், அக்காணி தனக்கே உரியதென்று அவன் தீர்ப்புப் பெறலாம். உங்கள் கையில் உறுதி இருக்கும். அவன் கையில் காணி இருக்கும். இதற்கு அச்சட்டமே சில விலக்குகளைத் தருகிறது. பராயமடையாதவர், சித்த சுவாதீனமற்றவர் ஆகியோரோடு, கடல் கடந்து இருப்பவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. வழக்கிடும் உரிமை பிறந்த வேளையில் அவர் கடலுக்கப்பால் இருந்தால், பத்தாண்டுக் கணக்கு அவருக்கு எதிராக ஓடத் தொடங்காது. கொழும்புக்குப் போனவருக்கு இச்சலுகை இல்லை என்பதைக் கவனியுங்கள். வெள்ளவத்தை கடற்கரையில் இருந்தாலும் அது கடல் கடந்த நாடாகாது. இச்சலுகைக்கும் ஓர் எல்லை உண்டு. முப்பது ஆண்டுகள் ஒருவன் ஆண்டுவிட்டால், எந்த விலக்கும் நிற்காது.

1990 ஐ நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டில் இந்த மாவட்டத்தில் எத்தனை ஊர்கள் வெறுமையாயின! வந்தாறுமூலை வளாகத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் பிடித்துச் செல்லப்பட்டதும், சத்துருக்கொண்டானில் நடந்ததும் நம் காதுகளில் இன்னும் இருக்கின்றன. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதும் அவ்வாண்டிலேதான். தமிழர் ஓடினர், முஸ்லிம்களும் படுவான்கரை வயல்களை விட்டு ஓடினர். 1990 உடன் முப்பதைக் கூட்டினால் 2020. அது கடந்து போயிற்று.

என் கந்தோருக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். 1988 இல் ஐரோப்பாவுக்குப் போனவர். 1991 இல் அவர் வளவில் வேறொருவர் குடியேறினார். இவர் 2023 இல் நரைத்த தலையோடு, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்த உறுதியோடு வந்தார். கணக்குப் பார்த்தால் முப்பத்திரண்டு ஆண்டுகள். போர்க்காலத்தைக் கருதி 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று பாராளுமன்றத்தில் நிறைவேறியது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றத்தை நாட முடியாதுபோனோருக்கு எதிராக அக்காலம் கணக்கில் எடுக்கப்படலாகாது என்று. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட்டிருக்க வேண்டும். அத்தவணை 2018 இல் முடிந்தது. அவர் அப்படியொரு சட்டம் வந்ததையே அறியார். (படையினருக்கு அஞ்சி ஓடியவரை அச்சட்டம் எங்கே வைக்கிறது என்பது வேறு கேள்வி. அதனை நீதிமன்றத்தில் வாதாட ஆயத்தமாயிருக்கிறேன், இங்கே வேண்டாம்.)

இதில் எனக்கு அதிக வருத்தம் தந்தது வேறொன்று. அவருடைய தங்கை பக்கத்து ஊரிலேயே இருந்தாள். அந்நியன் வேலி அடைத்த நாளிலேயே கிராம சேவையாளரிடம் ஓடினாள். "உன் பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை. தமையன் மாதந்தோறும் அவளுக்குப் பணம் அனுப்பினார். ஓர் அற்றோணித் தத்துவம் அனுப்பவில்லை. அவள் ஊரில் இருந்தும் அவருக்காகப் பேச அவளுக்கு வாயில்லாமல் போயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு தீர்ப்பும் உண்டு. 1911 இல் கொறையா எதிர் அப்புகாமி என்ற வழக்கில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் ஒரு விதியை நிலைநாட்டியது. கூட்டுரிமையாளருள் ஒருவரின் ஆட்சி மற்றெல்லாருடைய ஆட்சியுமாகும் என்பது அவ்விதி. பிரிபடாத வயலில் பங்கு வைத்திருந்து ஊரில் இருக்கிற தங்கை, தன் பங்கை மட்டும் காக்கிறாள் என்று எண்ணாதீர்கள். ரொறொன்ரோவில் இருக்கிற தமையனின் பங்கையும் அவளே காத்துக்கொண்டிருக்கிறாள். இதற்காக அவளுக்கு எவரும் நன்றி சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

உறுதிக் காணியின் கதை இது. படுவான்கரையில் பலரின் வயல் அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பெற்ற பெர்மிற் காணி. விளைவிக்காமல் விட்டால் பெர்மிற்றை இரத்துச் செய்ய அறிவித்தல் வரும். பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் தகப்பன் இறந்தால், அச்சட்டம் நெடுங்காலம் மகளை விட மகனையே முன்னிறுத்தியது. நம் ஊர் முறையோ மகளை இருத்தி மகனை அனுப்புவது. ஆக, ஊரில் இருந்து வயலைப் பார்த்தவளுக்கு உரிமையில்லை, போனவனுக்கு உரிமை! 2022 இல்தான் அது திருத்தப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள் ஒரு சட்டம் நம் வீட்டு முறையைத் தலைகீழாக நிறுத்தியிருந்தது. நம் பிரதிநிதிகளுள் எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினார்கள் என்று பழைய ஹன்சாட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரை விடயமும் இதனோடு சேர்ந்ததே. வெளியிலிருந்து வந்தோர் அத்தரையில் பயிர் செய்வதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அங்கே வெய்யிலில் அமர்ந்தவர்களைப் பார்த்தேன். அவர்களுள் பெரும்பாலோர் பட்டியோடு காட்டில் தங்குகிற எளிய மனிதர்கள். அவர்களும் மாடுகளை விற்றுவிட்டு விமானம் ஏறியிருந்தால், அத்தரையைப் பற்றி வழக்கும் இல்லை, கேள்வியும் இல்லை.

அடுத்து வாக்காளர் இடாப்பு. வெளிநாட்டில் இருந்து வாக்களிக்க நம் சட்டத்தில் இடமில்லை. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பதைப் பெரும்பாலும் இடாப்பிலுள்ள பெயர்களின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010 இல் 9 உறுப்பினரைத் தெரிவுசெய்தது. 2024 இல் 6 பேரை மட்டுமே தெரிவுசெய்தது. எவரும் அங்கே வந்து ஆசனங்களைத் திருடவில்லை. பெயர்கள் குறைந்தன, ஆசனங்கள் குறைந்தன. மட்டக்களப்புக்கு இன்று 5. அது அசையாத எண் என்று எண்ணி உறங்க வேண்டாம். கொழும்பில் வேலை செய்துகொண்டு எங்கே பதிவது என்று தெரியாமல் எங்குமே பதியாத நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொக்கட்டிச்சோலைத் தேருக்குக் குடிப்பங்குப் பணத்தை ஒரு நாள் பிந்தாமல் அனுப்புகிறவன், வதிவிடப் படிவத்தை நிரப்ப மட்டும் நேரமில்லை என்கிறான்!

விபுலாநந்த அடிகளும் ஊரை விட்டுப் போனவரல்லவா என்று ஒரு தம்பி கேட்டார். உண்மை. 1892 இல் காரைதீவில் பிறந்தவர், கொழும்பு, மானிப்பாய், சென்னை என்று போனார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். போகாதிருந்தால் யாழ்நூல் இல்லை. ஆனால் 1929 இல் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியிருந்தார். அவர் சிதம்பரத்தில் இருந்த நாள்களில் இங்கே காலையில் மணியடித்துப் பாடசாலையை நடத்தியவர்கள் யார்? அவர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் ஒன்றிரண்டே தெரியும்.

இருக்கிறவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்ற கேள்வியை அரசியலில் உள்ள என்னைப் போன்றோரிடம் நீங்கள் கேட்க வேண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, கொக்கட்டிச்சோலையிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு நகரம் வந்தவள் 'பாதை'க்குக் காத்துக் கிடந்தாள். 1950களில் எழுந்த வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஏராளமானோருக்குச் சோறு போட்டது. பின்னர் ஆண்டுக்கணக்கில் இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடந்தன. ஆலை ஓடாத ஊரில், பாலம் இல்லாத கரையில், "இரு, இரு" என்று பெண்களிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை? இருப்பவளுக்கு வேலையும் பெயரில் காணியும் கேட்டு வாங்குவதே நம் அரசியலின் முதல் வேலையாக வேண்டும் என்று நான் கட்சிக் கூட்டங்களில் கூறி வருகிறேன். இனியும் கூறுவேன்.

போகிறவர்களிடம் நான் கேட்பது சிறிது. போகுமுன் உறுதியைப் பதிவுசெய்யுங்கள். ஊரில் இருக்கும் தாய், தங்கை, மருமகள் யாரேனும் ஒருத்திக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே போய்விட்டவர் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பலாம். வெறுமையான வளவில் எவரையேனும் இருத்தினால், உங்கள் அனுமதியின்பேரில் இருக்கிறார் என்று ஒரு தாளிலாவது எழுதி வாங்குங்கள். அனுமதியால் இருப்பவரின் காலம் ஆட்சியுரிமையாக எண்ணப்படாது.

இதற்கு ஆகும் செலவைக் குறித்து எவரும் தயங்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு நானும் இரு இளம் சட்டத்தரணிகளும் இதே வாசிகசாலையில் இருப்போம். கட்டணமில்லை. தமிழர், முஸ்லிம்கள் எவரும் வரலாம். உறுதி, பெர்மிற், வரிப் பற்றுச்சீட்டு, அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். உறுதி தொலைந்தவர்கள் காணியின் நான்கு எல்லைகளையும் பழைய உரிமையாளரின் பெயரையும் எழுதிக்கொண்டு வந்தாலும் போதும். காணிப் பதிவகத்தில் தேடித் தருவோம்.