ரெகுலரா, கரஸா?



கல்லூரி வேலைக்கான நேர்காணலில் ‘ரெகுலரா, கரஸா?’, அதாவது நேரில் படித்ததா, அஞ்சல்வழியில் படித்ததா என்று ஒரு கேள்வி தவறாமல் வரும். சட்டப்படி அந்தப் பாகுபாட்டுக்கு இடமில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையில் தரும் பட்டம், வகுப்பில் உட்கார்ந்து வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரிலும் அறிவித்துவிட்டது. ஆனாலும் ‘கரஸ்’ என்ற பதில் வந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் புருவம் ஏறுகிறது. ஏறுவது பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் புருவம். அவரைத்தான் கேட்கிறேன்: அந்தப் பட்டம் தரமற்றது என்றால், தரத்தைக் குறைத்தவர் யார்? டெல்லியில் 1962-லும், மதுரையில் 1971-லும், சென்னையில் 1981-லும் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியபோது அதற்கென்று வேறு உலகத்திலிருந்து ஆசிரியர்கள் வந்து இறங்கவில்லை. பாடப்புத்தகம் எழுதியவர்கள், ஞாயிற்றுக்கிழமை கான்டாக்ட் கிளாஸ் எடுத்தவர்கள், விடைத்தாள் திருத்தியவர்கள் எல்லோருமே பெரும்பாலும் நம் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள்தான். நாம் சமைத்த சோற்றை நாமே முகம் சுளித்துத் தள்ளுகிறோம்.

இதே ஏளனத்தைப் பிரிட்டனும் பார்த்திருக்கிறது. அங்கே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் அரச சாசனம் பெற்று, 1971-இல் சுமார் 24,000 மாணவர்களுடன் தொடங்கியது. முன்தகுதி எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டது. இது பல்கலைக்கழகமா என்று கேலி செய்தவர்கள் பலர். அதற்கான பதிலை அந்தப் பல்கலைக்கழகத்தினர் தங்கள் வேலைமுறையில் வைத்தார்கள். ஒரு பாடத்தை ஒருவர் தனியாக எழுதுவதில்லை. ஒரு குழு எழுதும். ஒருவர் வரைவை மற்றவர்கள் கிழித்துப் போட்டுத் திரும்ப எழுத வைப்பார்கள். மாணவர் அனுப்பும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பயிற்றுநர் மதிப்பெண்ணோடு விரிவான கருத்தும் எழுதித் திருப்பி அனுப்புவார். நம் ஊரில் பழைய வகுப்புக் குறிப்பு அத்தியாயம் அத்தியாயமாக வெட்டப்பட்டுப் புத்தகமானது எத்தனை முறை? அசைன்மென்ட்டில் ஒரு டிக், ஒரு மதிப்பெண் தவிர வேறேதாவது எழுதித் திரும்பி வந்தது எத்தனை முறை? தூரத்தின் மேல் பழியைப் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஆய்வகம் இல்லாமல் அறிவியலா என்பார்கள். நியாயமான கேள்வி. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில உரிய ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 2017-இல் கடுமையாகக் கண்டித்தது, சரியாகவே கண்டித்தது. ஆனால் வரலாறும் வணிகவியலும் படிப்பவருக்கு அந்த வாதம் எப்படிப் பொருந்தும்? பல்கலைக்கழகங்கள் இதைப் பணம் காய்க்கும் மரமாக்கிவிட்டன என்பது இன்னொரு குறை. உண்மைதான், அது நிர்வாகத்தின் பேராசை, கற்பிக்கும் முறையின் பிழையல்ல. பாதியில் நிற்பவர்கள் அதிகம் என்றால், பகலில் கடையிலும் கம்பெனியிலும் நின்றுவிட்டு இரவில் புத்தகம் திறப்பவரை, விடுதியில் தங்கிப் படிப்பவரோடு அதே அளவுகோலால் அளக்கலாமா? இந்தக் குறைகளைச் சொல்பவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2012-இல் 4,500-க்கு மேற்பட்ட கல்லூரி ஆசிரியர்களிடம் இணையவழிக் கல்வி பற்றிக் கேட்டபோது, 58 சதவீதம் பேர் ஆர்வத்தைவிட அச்சமே மிகுதி என்றார்கள். இணையத்தில் பாடம் நடத்திப் பார்த்தவர்களிடம் அந்த அச்சம் குறைவாக இருந்தது. கை வைத்துப் பார்க்காதவருக்குத்தான் அவநம்பிக்கை அதிகம்.

அக்கறை இல்லை என்று ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் மேடையிலிருந்து இறங்கிவிட முடியாது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரக் கற்பித்தல் என்கிறது மானியக் குழுவின் விதி. வகுப்பறையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. முகம் தெரியாத ஒரு மாணவியின் கட்டுரையைப் படித்து, எங்கே வாதம் தடுமாறுகிறது என்று நாலு வரி எழுத அதில் மணி ஒதுக்கப்படவில்லை. ஊதியத்துக்கும் பதவி உயர்வுக்கும் கோரிக்கை மனு எழுதும் நம் சங்கங்கள், அந்த நாலு வரிக்கான நேரத்தையும் பணிச்சுமையில் சேர்க்கச் சொல்லி அடுத்த மனுவில் கேட்கட்டும்.