மியூசியமோ, சவக்காலையோ?

 

நல்ல நாளிலை சவக்காலைக் கதையோ எண்டு கோபிக்காதேங்கோ. பாரிஸ் பார்க்க வாற சொந்தக்காரருக்கு ஒரு பின்னேரம்தான் மிச்சமென்றால், லூவர் மியூசியமோ, பெர் லாஷேஸ் சவக்காலையோ என்ற கேள்வி வரும். தொழிற்சாலையில் வேலை செய்யும் நான் சவக்காலை என்றே சொல்லுவேன்.

லூவரை ஒரு பின்னேரத்தில் பார்த்து முடிக்க ஏலாது. மோனாலிசாவுக்கு முன்னால் நிற்கிற சனத்தின் முதுகுதான் தெரியும்.

1804இல் திறந்த பெர் லாஷேசுக்கு நுழைவுச்சீட்டு இல்லை. அங்கே ஒரு மதில் உண்டு. தொழிலாளர் எழுச்சியான பாரிஸ் கொம்யூனின் போராளிகள் 147 பேரை 1871 மே 28இல் அந்த மதிலோடு நிறுத்திச் சுட்டார்கள்.

இசைமேதை ஷொப்பானின் கல்லறையும் அங்கேதான். 1830இல் போலந்தை விட்டு வெளிக்கிட்டவர், திரும்பிப் போகவே இல்லை. 1849இல் பாரிசில் இறந்தார். உடல் இங்கே. இருதயத்தை அவரின் தமக்கை வார்சோவுக்குக் கொண்டுபோனா.

"உடம்பு இஞ்சை, மனம் ஊரிலை" என்று நாங்கள் சொன்னால் பிள்ளைகள் சிரிக்குதுகள். அந்தக் கல்லறையடியில் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கோ, விளங்கும். மியூசியத்துக்கு அடுத்தமுறை போகலாம்.