கணக்கைக் கேள், பிறகு கையைத் தூக்கு!



அமெரிக்காவில் கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. அங்கே லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் 2018 நவம்பரில் ஒரு புது வரியை ஜனங்களின் ஓட்டுக்கே விட்டார்கள். மழைத்தண்ணியைச் சேமிக்க, சுத்தப்படுத்தப் பணம் வேணும். எதற்கு வரி? தண்ணி இறங்க விடாமல் சிமெண்டும் தாரும் போட்டு மூடின இடத்துக்கு, சதுர அடிக்கு 2.5 சென்ட். தண்ணி குடிக்கிற மண்ணுக்கு வரி இல்லை! மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால்தான் செல்லும். ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 69 பேர் சம்மதித்தார்கள்.

நமக்கு அந்த ஓட்டு இல்லை, கிராமசபை இருக்கு. 1994 ஊராட்சிச் சட்டப்படி ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது அதுதான். நாம் என்ன செய்கிறோம்? வீடு தேடி வருகிற நோட்டில் வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். அப்புறம், வாய்க்கால் தூர்வாரக் காசில்லை என்று புலம்புகிறோம்.

இனி போடாதீர்கள்! அக்டோபர் 2 கிராமசபைக்குக் குடும்பத்தோடு வாருங்கள். வரவு எவ்வளவு, வாய்க்காலுக்கு எவ்வளவு என்று வாசிக்கச் சொல்லுங்கள். காதால் கேட்ட பிறகு கையைத் தூக்குவோம்!