திறப்பும் முதுசமும்

வீட்டுத் தலைவர் கண்மூடிவிட்டால், காரியங்கள் முடிந்தபின் பிள்ளைகள் திறந்து பார்ப்பது அவருடைய பெட்டகத்தை. காணி உறுதி தொலைந்திருந்தாலும் பதிவகத்திற் பிரதி பெறலாம். வங்கிப் புத்தகம் தொலைந்தாலும் பணம் தொலைவதில்லை. ஆனால், திறப்புத் தொலைந்தால் தானும் தொலைந்துவிடும் செல்வம் ஒன்று இக்காலத்தில் உண்டு. பிட்கொயின் முதலிய கிரிப்டோ நாணயங்களையே குறிப்பிடுகின்றேன்.

எனது பழைய மாணவன் ஒருவன் வெளிநாட்டில் உழைத்து வந்தான், திடீரென இறந்துபோனான். தன் சேமிப்பில் ஒரு பகுதி இந்நாணயமாக இருக்கிறதென்று தங்கையிடம் சொல்லியிருந்தானாம். அதற்குரிய சொற்களை எங்கே எழுதிவைத்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவனுடைய கைப்பேசியை ஏந்திக்கொண்டு தாயார் என்னிடம் வந்தார். என்னால் அவருக்கு ஆறுதல் சொல்ல முடிந்ததேயன்றி, வேறொன்றும் செய்ய முடியவில்லை.

அவை என்ன சொற்கள்? நாணயத்தைத் தம் வசமே வைத்திருப்போருக்குப் பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் தரப்படும். அவற்றை அதே வரிசையில் அறிந்தவரே செல்வத்துக்கு உடையவர்போல் ஆகின்றார். கணக்கேட்டை உலகமே பார்க்கலாம். சொற்களின்றி ஒரு சதத்தையும் அசைக்க இயலாது. நீதிமன்றம் கட்டளையிட்டாலும் திறந்துகொடுக்க அங்கே முகாமையாளர் எவருமில்லர்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஹால் பின்னி என்பவரை இங்கே நினைவுகூரலாம். 2009 ஜனவரியில், பிட்கொயினைப் படைத்தவரிடமிருந்து முதன்முதலாக 10 நாணயங்களைப் பெற்றவர் அவர். அதே ஆண்டில், உடலைப் படிப்படியாக முடக்கும் நரம்பு நோய் தமக்கு உண்டென அறிந்தார். தம் நாணயங்களை வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்து, மகனும் மகளும் அவற்றைக் கையாள அறிந்தவர்கள் என்ற மனநிறைவோடு 2013இல் அதுபற்றி எழுதினார். 2014 ஆகஸ்டில் மறைந்தார்.

அவர் வழியில் நாம் செய்யத்தக்கவை சில. யாருக்கு உரிமை என்பதை மரணசாசனத்தில் எழுதுக. நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அன்றேல் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் அது ஒப்பமிடப்படல் வேண்டும். ஆனால் அந்தச் சொற்களை மரணசாசனத்தில் எழுதவே கூடாது. அது பலர் கைக்கும் போகும் ஆவணம். அவற்றைத் தனித்தாளில் எழுதி, முத்திரையிட்டுப் பத்திரமான இடத்தில் வைத்து, அவ்விடத்தை நம்பிக்கைக்குரிய ஒருவருக்குச் சொல்லிவையுங்கள். கைப்பேசியிற் படம்பிடித்து வைப்பது திருடனுக்கு வழிகாட்டுவதாகும். நாணயம் பரிமாற்று நிறுவனமொன்றின் கணக்கில் இருந்தால், அதன் பெயரைக் குறித்துவையுங்கள். மரணச் சான்றிதழும் நீதிமன்றப் பத்திரங்களும் காட்டி வாரிசுகள் அங்கே கோரலாம்.

இந்நாணயத்தை வாங்குமாறு நான் சொல்லவில்லை. அதன் ஆபத்துக்கள் குறித்து நமது மத்திய வங்கியே எச்சரித்திருக்கின்றது. ஆயினும், தூரதேசத்திலுள்ள நம் பிள்ளைகள் சிலரிடம் அது இருக்கக்கூடும். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நாம் வாய்மூடியிருக்கின்றோம். அடுத்த முறை மகனோ மகளோ தொலைபேசியில் அழைக்கும்போது, தயங்காமற் கேளுங்கள்: “பிள்ளை, உன்னுடைய திறப்பு எங்கே இருக்கிறதென்று வீட்டில் யாருக்காவது தெரியுமா?”