பாஸ்புக்கில் பிடித்த பணம் வீட்டுக்கு இல்லை
(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவையில் பேசியது)

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வெள்ளமும் வீட்டுக் காப்பீடும்’. அதைப் பேசுவதற்கு முன்னால், நான் செய்த ஒரு தப்பை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அப்பாடா, போய்விட்டது என்றுதான் நினைத்தோம். டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கனஅடி திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையில் இருக்கிற நமக்கு அது என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டு அக்காவுக்கு ஜன்னல் வரைக்கும்.

தண்ணீர் வடிந்த மறுநாள் அந்த அக்கா என்னிடம் கேட்டார்: “ஏம்மா, பேங்குல வருசா வருசம் இன்சூரன்ஸ்னு பிடிக்கிறாங்களே, அதுல வீட்டுக்கு எவ்வளவு வரும்?”

நான் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “வரும்க்கா, கவலைப்படாதீங்க” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சை நம்பி அவர் வெளியே வட்டிக்கு வாங்கி, அரிசி மூட்டை, பாத்திரம், பாய் எல்லாம் வாங்கிவிட்டார்.

பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நாங்கள் நாலு பேர் பேங்குக்குப் போனோம். அங்கே இருந்த மேடம் பொறுமையாகத்தான் சொன்னாங்க. 436 ரூபாய் பிடிப்பது ஜீவன் ஜோதி. ஆள் இறந்தால் வாரிசுக்கு 2 லட்சம். 20 ரூபாய் பிடிப்பது சுரக்ஷா. அது விபத்துக்கு. குழுக் கடனோடு பிடித்ததும் உயிருக்குத்தான். சுவருக்கும் கதவுக்கும் ஒரு ரூபாய்கூட இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த அக்கா என்னோடு பேசவே இல்லை.

அரசு நிவாரணம் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் வந்தது. முழுதாகப் போன குடிசைக்கு 10,000 என்று அறிவித்தார்கள். கை கொடுத்த உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வாசற்கதவு இன்றைக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

இதில் இன்னொரு கூத்து. என் வீடு பேங்க் கடனில் கட்டியது. கடன் கொடுக்கும்போதே அவர்கள் என் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்து, பத்திரத்தை அவர்கள் ஃபைலிலேயே வைத்திருந்தார்கள். பணம் கட்டியவள் நான், எனக்கே தெரியாது! தெரிந்தபோது வீட்டைக் கழுவித் தள்ளி, நனைந்த மெத்தை, பீரோ எல்லாவற்றையும் தெருவில் போட்டு, பஞ்சாயத்து வண்டி அள்ளிக்கொண்டும் போய்விட்டது. சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயர் வந்து, “ஃபோட்டோ இருக்காம்மா?” என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பையன் ஸ்டேட்டஸ் போட எடுத்த வீடியோதான் இருந்தது. அதில் என் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். கதவுக்கும் ஒயரிங்குக்கும் பூச்சு வேலைக்கும் பணம் வந்தது. சாமானுக்கு வரவில்லை. ஏனென்றால் கட்டடத்துக்கு மட்டும்தான் எடுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து விசாரித்தேன். 2021 ஏப்ரலிலிருந்து ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று ஒரு பாலிசி இருக்கிறது. இது எல்லா பொதுக் காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஒரே மாதிரியான பாலிசி. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு எல்லாம் அதற்குள்ளேயே வருகிறது. வெள்ளத்துக்கென்று தனியாகக் கேட்க வேண்டாம். கட்டடத்தோடு சாமானையும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் சாமானுக்கு. அதிகபட்சம் 10 லட்சம். பட்டியல்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளத்துக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும்போது வீட்டில் திருட்டுப் போனால், ஏழு நாளுக்குள் நடந்த திருட்டுக்கும் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறோம். மனை விலையைச் சேர்க்கக் கூடாது. இடத்தை வெள்ளம் கொண்டுபோகாது. இன்றைக்கு அதே வீட்டைத் திரும்பக் கட்ட என்ன ஆகும், அதுதான் கணக்கு. 600 சதுர அடி வீடு, அடிக்கு 1,800 ரூபாய் என்று மேஸ்திரி சொன்னால் 10 லட்சத்து 80 ஆயிரம். சாமானுக்கு 2 லட்சத்து 16 ஆயிரம் தானாக வரும். எனக்குச் சொன்ன பிரீமியம் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள். உங்கள் வீட்டுக்கு மாறும், இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். புயல் வருகிறது என்று டிவியில் சொன்ன பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

வராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சறைப் பெட்டியில் வைத்த பணம் நனைந்தால் வராது. நகைக்குத் தனியாகச் சேர்த்து எடுக்க வேண்டும். பல வருஷமாக ஒழுகிப் பாசி பிடித்த சுவரை வெள்ளத்தின் தலையில் கட்ட முடியாது. வீட்டில் வைத்துத் தொழில் செய்கிறோமே, தையல் மிஷின், அப்பள மாவு, விற்கிற சேலை, அது வீட்டுப் பாலிசியில் சேராது. அதற்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்று வேறு இருக்கிறது. கீற்றுக் கூரை என்றால் கீற்று என்றே எழுதச் சொல்லுங்கள். மாடி வீடு என்று ஏஜெண்ட் எழுதிவிட்டால் கடைசியில் மாட்டுவது நாம்தான். அப்புறம், வீடு யார் பேரில் இருக்கிறது? நம்மில் பாதிப்பேருக்கு மாமியார் பேரிலோ வீட்டுக்காரர் பேரிலோ இருக்கும். பாலிசியும் அவர்கள் பேரில்தான் இருக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள், ஃபோனை எடுங்கள். சுவரில் கோடு, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கிற நம்பர், கதவு, தரை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லுங்கள். நாறுகிறது, தூக்கிப் போட்டே ஆக வேண்டும் என்றால், ஃபோட்டோ எடுத்துவிட்டுப் போடுங்கள். முடியாது என்று கம்பெனி சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியிலேயே எழுதிப் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா அந்த வட்டிக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். குழுவில் உள்கடன் கொடுத்துப் பாதியை அடைத்தோம். என்னோடு பேசுகிறார், இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இதைச் சொல்லட்டுமா என்று நேற்றே கேட்டேன். “சொல்லு, நாலு பேருக்குத் தெரியட்டும்” என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக், வீட்டு வரி ரசீது, வீட்டுக் கடன் இருந்தால் அந்தத் தாள், மூன்றையும் கொண்டு வாருங்கள். ஒவ்வொருவருக்கும் எது உயிருக்கு, எது வீட்டுக்கு, எந்தத் தேதியில் முடிகிறது என்று தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்போம். இந்தத் தடவை தெரியாததைத் தெரியாது என்றே எழுதிவிட்டு, பேங்கில் கேட்டு வந்து நிரப்புகிறேன்.